உப்பிற் பிறந்த சவர்க்காரம்

தேங்காய் எண்ணெய், எரிசோடா, நீர், உப்பு ஆகிய நான்கையும் கொண்டு வீட்டிலேயே உப்புச் சவர்க்காரம் செய்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். ஒரு கிலோகிராம் எண்ணெய்க்கு எரிசோடா ஏறத்தாழ 180 கிராம். உப்பு, எண்ணெயின் நிறையிற் பாதியளவு. உப்புச் சேர்ந்தால் ஏனைய சவர்க்காரங்கள் நுரைக்க மறுக்கும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமோ கடல்நீரிலும் நுரைக்கும். கப்பலில் உழைத்தோர் அதனை நாடியமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும், உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் உள்ள உறவு வார்ப்பு அச்சிலே தொடங்குவதன்று. அந்த எரிசோடாவே உப்பின் பிள்ளையாகும். அது பிறந்த கதை, உழைப்பவர் பட்ட பாட்டின் கதையுமாகும்.

முற்காலத்திற் காரத்தைத் தந்தது சாம்பல். விறகுச் சாம்பலிலிருந்து குழைந்த சவர்க்காரமே கிடைத்தது. கட்டியான சவர்க்காரத்துக்குச் சோடா வேண்டும். அதற்குக் கடற்கரைச் செடிகளை எரிக்கவேண்டியிருந்தது. மார்செய் நகரத்து ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் இவ்வாறு உருவானதே. 1791இல் நிக்கொலா லெபிளாங் என்னும் பிரெஞ்சு மருத்துவர், சாதாரண உப்பைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, அதனைச் சுண்ணாம்புக்கல்லுடனும் நிலக்கரியுடனும் எரித்துச் சோடாவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். புரட்சிக் காலத்தில் தமது ஆலையை இழந்த அவர், 1806இல் வறுமையிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பலனை அறுவடை செய்தோர் ஆங்கில முதலாளிகள்.

இங்கிலாந்தில் உப்புவரி 1825இலும் சவர்க்கார வரி 1853இலும் நீக்கப்பட்டன. சவர்க்காரம் ஏழையின் வீட்டுக்கும் வந்தது. இது மறுக்கமுடியாத முன்னேற்றமே. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர் யார்? சென் ஹெலன்ஸ், விட்னெஸ் நகரங்களின் சோடா ஆலைகள் கக்கிய அமில ஆவி சுற்றுப்புறத்து மரங்களைக் கருக்கிற்று. தொழிலாளரின் பற்களை அரித்தது. நிலப்பிரபுக்களின் பயிரும் மரமும் பட்டுப்போனபோதுதான் பாராளுமன்றம் விழித்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆவியில் 95 சதவீதத்தைத் தடுக்குமாறு பணித்தது. தொழிலாளியின் பல்லுக்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை.

எண்ணெயின் கதையும் வேறன்று. சன்லைட் சவர்க்காரத்தாற் செல்வம் குவித்த வில்லியம் லீவர், 1911இல் பெல்ஜியக் கொங்கோவிலே பரந்த எண்ணெய்ப்பனைக் காடுகளுக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தின் போர்ட் சன்லைட்டில் தொழிலாளருக்கு அழகிய வீடுகள் கட்டிக் கொடுத்த அதே நிறுவனத்துக்காக, கொங்கோ மக்கள் கட்டாய உழைப்பிலே பனங்குலை வெட்டினர்.

பின்னர், உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரினையும் பெறும் முறை பரவிற்று. நம் நாட்டிலும் 1950களில், ஆனையிறவு உப்பைக் கொண்டு அவ்விரண்டையும் ஆக்கும் அரசாங்க இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் எழுந்தது. தேங்காய் நம்முடையது, உப்பும் நம்முடையது, காரமோ மக்களின் பொதுச் சொத்தான ஆலையிலிருந்து வந்தது. 1980களிலே போர் அவ்வாலையை மௌனமாக்கிற்று.

வீட்டிற் சவர்க்காரம் செய்யும் கைத்திறன் போற்றத்தக்கதே. எனினும், எண்ணெயையும் காரத்தையும் கலக்கத் தெரிந்த கை, அந்தக் காரத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அதற்கு ஆலை வேண்டும். அந்த ஆலை யாருடையது? அதில் உழைப்போரின் நிலை யாது? இவ்விரு வினாக்களையும் இரசாயனப் பாடத்தோடு சேர்த்தே நம் மாணவர் கற்றல் வேண்டும்.