ஒட்டு தெரியாத சுவர்

அப்பா முதல் தடவை இங்க நியூஜெர்சிக்கு வந்தப்போ, செருப்பைக் கழட்டினதும் செஞ்ச முதல் காரியம் ஹால் சுவரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்ததுதான். டொக் டொக்னு சத்தம். திரும்பி என்னைப் பார்த்தார். "ஏண்டா, இவ்வளவு கடன் வாங்கி அட்டைப்பெட்டியையா வாங்கியிருக்கே?"

தஞ்சாவூர்ல சொந்த வீட்டைக் கூடவே நின்னு கட்டினவர். தினம் காலைல கொத்தனார் வர்றதுக்கு முன்னாடியே செங்கல்லுக்குத் தண்ணி ஊத்தி வச்சவர். அவரைப் பொறுத்தவரை சுவர்னா ஆணி அடிச்சா ஆணிதான் வளையணும் :-)

அவர் சொன்னது பாதி சரி. ரெண்டு பக்கமும் கெட்டிக் காகிதம், நடுவுல அரை அங்குல ஜிப்சம். டிரைவால்னு பேரு. ஷீட்ராக்னு சொல்றவங்களும் நிறைய, ஆனா அது ஒரு கம்பெனி வச்ச பிராண்ட் பேரு. நம்ம ஊர்ல நகல் எடுக்கிறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. ஊர்ல இப்ப ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கிறாங்களே, அதேதான்.

போன குளிர்காலத்துல பேஸ்மென்ட்டை ரெண்டு அறையா தடுக்கணும்னு நானே இறங்கினேன். அந்தச் சாக்குல இந்தப் பலகையோட கதையையும் தேடித்தேடிப் படிச்சேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு விஷயம். அமெரிக்காக்காரன் எப்பவும் அட்டைச் சுவருக்குள்ள இருந்தவன் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தின வீடுகள்ல மரச் சட்டத்து மேல குறுக்குவாட்டுல மெல்லிசான ரீப்பர்களை வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சின்ன இடைவெளி விட்டு அடிச்சிருப்பாங்க. அது மேல சாந்தை அழுத்திப் பூசினா, இடைவெளி வழியா பின்பக்கம் பிதுங்கிப் போய் கொக்கி மாதிரி பிடிச்சுக்கும். அந்த முதல் பூச்சு ஈரமா இருக்கும்போதே கீறி விடணும். ரெண்டாவது பூச்சை மட்டக்கட்டை வச்சு சமன் பண்ணணும். மூணாவது மெல்லிசான வழவழ பூச்சு. ஒவ்வொண்ணும் காயணும். குளிர்காலமா இருந்தா வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டிக் காய வைக்கணும். ஒரு வீட்டுக்கு வாரக்கணக்குல ஆகும். அப்பா பார்த்திருந்தா கட்டாயம் கொத்தனார் கையைப் பிடிச்சுக் குலுக்கியிருப்பார்.

இதைச் சுருக்கணும்னு கிளம்பினவர் அகஸ்டின் சாக்கெட். 1894-ல காப்புரிமை வாங்கினார். காகித அடுக்குகளுக்கு நடுவுல பேரிஸ் சாந்தை வச்சு அழுத்தின கால் அங்குலப் பலகை. இதுல வேடிக்கை என்னன்னா, அது சுவரா இருக்கிறதுக்காக வந்ததே இல்லை. ரீப்பருக்குப் பதிலா இதை அடிச்சுட்டு மேல வழக்கம்போல சாந்து பூசணும், அவ்வளவுதான். கொத்தனாரை அவர் தொடவே இல்லை, ரீப்பர் அடிக்கிறவன் பிழைப்புலதான் கை வச்சார். 1909-ல யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனி அவரோட கம்பெனியை வாங்கிடுச்சு. 1917-ல ஷீட்ராக்னு பேர் வச்சு, மேல பூச்சே வேண்டாத பலகையை விக்க ஆரம்பிச்சாங்க.

நடுவுல ஜிப்சம் பத்தி ரெண்டு வரி, ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ஜிப்சம் கல்லோட எடையில கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு தண்ணி. கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிற தண்ணி. சுமார் 150 டிகிரில சுட்டா அதுல முக்கால்வாசி ஆவியாப் போயி மாவாகும். மறுபடி தண்ணி விட்டா அந்தத் தண்ணியை உறிஞ்சி மறுபடி கல்லாகும். பாரிஸ்ல மோன்மார்த்ர் குன்றைக் குடைஞ்சு எடுத்ததால பேரிஸ் சாந்துன்னு பேர். வீடு தீப்பிடிச்சா பலகைக்குள்ள இருக்கிற அந்தத் தண்ணி முழுக்க ஆவியாகிற வரைக்கும் பின்பக்கம் சூடு அவ்வளவா ஏறாது. அட்டைப்பெட்டின்னு சிரிக்கிறோமே, நாம எழுந்து வெளியே ஓடுறதுக்கான நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது அந்தப் பெட்டிதான்.

ஆனாலும் ஜனங்க லேசுல ஏத்துக்கலை. சாந்துச் சுவர் இல்லாத வீடு மட்டமான வீடுங்கிற எண்ணம். 1933-ல சிகாகோ உலகக் கண்காட்சியில பல கட்டடங்களுக்கு இதைப் போட்டுக் காட்டினாங்க. நிலைமையை மாத்தினது ரெண்டாம் உலகப் போர். ஆள் கிடையாது, நேரம் கிடையாது, ராணுவத்துக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உடனே கூரை வேணும். போர் முடிஞ்சதும் திரும்பி வந்த லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு வீடு வேணும். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுல லெவிட் குடும்பம் 1947-லேர்ந்து 1951-க்குள்ள 17,447 வீடு கட்டி அடுக்கிச்சு. கார் ஃபாக்டரியில கார் நகரும், ஆள் நிப்பான். இங்க வீடு நின்னுச்சு, ஆள் நகர்ந்தான். ஒவ்வொரு கோஷ்டியும் ஒரே ஒரு வேலையைச் செஞ்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும். சுவரெல்லாம் பலகை. சங்கத்துல இல்லாத ஆளுங்க, கூலி நாள் கணக்குல இல்லை, முடிச்ச வேலை கணக்குல. (கறுப்பர்களுக்கு அங்க வீடு தர மாட்டேன்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. சுவர்ல ஒட்டு தெரியாம பார்த்துக்கிட்டவங்க, ஊருக்கு நடுவுல அதைவிடப் பெரிய சுவரை எழுப்பிட்டாங்க.)

சரி, என் பேஸ்மென்ட்டுக்கு வருவோம்.

பலகை மாட்டுறது பெரிய வித்தை இல்லைன்னுதான் நினைச்சேன். 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம். நாலுக்கு எட்டடிப் பலகை, பழைய ரகம் ஒண்ணே ஐம்பது பவுண்டுக்கு மேல இருக்கும். கத்தியால ஒரு பக்கக் காகிதத்தைக் கீறி, முழங்காலால ஒரு தட்டு தட்டினா நேர்கோட்டுல உடையும். அந்தச் சத்தத்துல ஒரு சுகம் இருக்கு, செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். தரையில படாம அரை அங்குலம் தூக்கி நிறுத்தணும், இல்லேன்னா ஈரம் ஏறும். திருகாணி காகிதத்தைக் கிழிக்காம சின்னதா ஒரு குழி விழுற அளவுக்குப் போயி நிக்கணும். காகிதம் கிழிஞ்சா பிடிப்பு போச்சு. ரெண்டு சனி ஞாயிறுல முடிச்சுட்டேன். காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம்தான் வினை. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கிற கோடு மறையணும். நம்ம பெயின்டர்கள் பட்டி பார்க்கிறதுன்னு சொல்வாங்களே, அதுக்குப் பெரியண்ணன் இது. சாந்தை இழுத்து, அதுல ரெண்டு அங்குலக் காகிதப் பட்டையை அழுத்தி, காற்றுக் குமிழ் இல்லாம வழிச்சு எடுக்கணும். ஒரு நாள் காய்ஞ்சதும் அதைவிட அகலமான தகடால ரெண்டாவது கை. மறுநாள் இன்னும் அகலமா மூணாவது கை. அப்புறம் உப்புத்தாள். நீளவாட்டு விளிம்பை ஆலையிலேயே கொஞ்சம் சரிவா செஞ்சிருப்பாங்க, அந்தப் பள்ளத்துல பட்டை உட்கார்ந்துக்கும். குறுக்குவாட்டு விளிம்புல அந்தச் சரிவு கிடையாது. அங்க பட்டை மேல சாந்து மேடாத்தான் நிக்கும். அந்த மேட்டை ரெண்டு பக்கமும் ஒரு அடிக்கு மேல மெல்ல இறக்கிக் கண்ணை ஏமாத்தணும்.

என் சுவர்ல கண்ணு ஏமாறலை. பக்கவாட்டுல விளக்கைப் பிடிச்சா வயல் வரப்பு மாதிரி வரிசையாத் தெரிஞ்சுது. தேச்சுத் தேச்சு காகிதமே பிஞ்சு வந்துடுச்சு. வீடு முழுக்க வெள்ளை மாவு. தங்கமணி வாயைத் திறந்து எதுவும் சொல்லலை, அதுதான் பயமா இருந்துச்சு.

கடைசியில ஒருத்தரைக் கூப்பிட்டேன். எக்வடார்லேர்ந்து வந்தவர், இருபது வருஷமா இதே வேலை. 450 டாலர் கேட்டார். நான் பேரம் பேசி 350-க்கு இறக்கினேன். பலகை மாட்டினதெல்லாம் நானேதானே, வெறும் பட்டை ஒட்டுறதுக்கு இவ்வளவான்னு கேட்டேன். சிரிச்சார், சரின்னுட்டார்.

அவர் வேலை செய்யறதைப் படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்தேன். தகடு சுவர்ல படுற கோணம் போகப் போக மாறிக்கிட்டே இருக்கு. ஒரே இழுப்பு, கை நிக்கலை. சட்டுனு எங்க ஊர்க் கொத்தனார் கரண்டி ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது. கொத்தனாரை வீட்டை விட்டு அனுப்புறதுக்குத்தான் இந்தப் பலகையே. ஆனா அவர் முழுசாப் போகலை. சுவர் முழுக்க இருந்த கைத்தொழில் சுருங்கிச் சுருங்கி இந்த ரெண்டு அங்குலப் பட்டைக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. அந்த வேலை நல்லா முடிஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததுக்கு எவன் காசு கொடுப்பான்? நானே கொடுக்கலையே.

சங்கங்கள் இதைப் பிரிச்சுக்கிட்ட கதையும் சுவாரஸ்யம். பலகை மாட்டுறவங்க தச்சர் சங்கத்துல, பட்டை ஒட்டுறவங்க பெயின்டர் சங்கத்துல. ரீப்பர் அடிக்கிறவங்களுக்குன்னு தனியா இருந்த சங்கம் 1979-ல தச்சர் சங்கத்தோட கலந்துடுச்சு.

வேலை முடிச்சுக் கிளம்பும்போது அவர் மேல்மாடியைக் காட்டி, வீடு எந்த வருஷம் கட்டினதுன்னு கேட்டார். 1956-ன்னேன். "மேல இருக்கிற சுவரை மட்டும் இப்படித் தேய்க்காதே"ன்னார். பழைய பட்டைச் சாந்துல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பாங்க. அப்புறம் படிச்சுப் பார்த்தேன். 1970-கள்ல நியூயார்க் மவுன்ட் சினாய்ல இர்விங் செலிகாஃப் குழு இந்தத் தேய்ப்புத் தூசியை அளந்து எச்சரிச்சிருக்கு. 1977-ல அந்த மாதிரி ஒட்டுச் சாந்து விக்கக் கூடாதுன்னு அமெரிக்க அரசு தடை போட்டுது. அதுவரைக்கும் ஒட்டு தெரியக் கூடாதுன்னு தேய்ச்ச கைகளோட நுரையீரல்ல அந்த ஒட்டு போய்ச் சேர்ந்திருக்கு. மேல்மாடிச் சுவர்லேர்ந்து ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினேன். இருக்குன்னு வந்துச்சு. பெயின்ட் மூடியிருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்லை, கையை மட்டும் வச்சுடாதேன்னாங்க.

இன்னொரு கதை. தெற்கு கலிபோர்னியாவுல 1970-கள் வரைக்கும் பலகை மாட்டுறவங்களுக்குச் சங்கக் கூலி இருந்துச்சு. 80-கள் ஆரம்பத்துல கான்ட்ராக்டர்கள் சங்கத்தைக் கழட்டி விட்டுட்டு, மெக்சிகோலேர்ந்து வந்தவங்களைச் சதுர அடிக்கு இத்தனை சென்ட்னு எடுத்தாங்க. பத்து வருஷத்துல அந்தச் சென்ட்டும் இறங்கிக்கிட்டே போச்சு. 1992 ஜூன்ல ஹேசுஸ் கோமெஸ்னு ஒரு தொழிலாளி முன்னாடி நிக்க, ஆயிரக்கணக்கானவங்க வேலையை நிறுத்தினாங்க. அதுல பல நூறு பேர் குவானாஹ்வாட்டோ மாநிலத்துல எல் மகேய்ங்கிற ஒரே கிராமத்துக்காரங்க. அண்ணன், தம்பி, மாமன், மச்சான். அதனால ஒருத்தனை மிரட்டிப் பிரிக்க முடியலை. ஒரே நாள்ல நூத்துக்கும் மேல கைது, குடியேற்ற அதிகாரிங்க வந்து காகிதம் கேட்டாங்க. தச்சர் சங்கம் பின்னால நின்னுச்சு. ஓவர்டைம் தராததுக்குக் கான்ட்ராக்டர்கள் மேல வழக்குப் போட்டாங்க. கடைசியில அந்த வழக்குதான் அவங்களைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்துச்சு. அஞ்சு மாசம் கழிச்சு, நவம்பர்ல சுமார் 2,400 பேருக்குக் கூலி உயர்வோட, மருத்துவக் காப்பீட்டோட ஒப்பந்தம். இப்ப அந்தப் பக்கம் வரிசை வரிசையா நிக்கிற வீடுகளுக்குள்ள எத்தனை பேருக்கு இது தெரியும்னு யோசிச்சேன்.

மீதி நூறு டாலரைத் தரலாம்னு அவருக்கு ஃபோன் பண்ணேன். வேண்டாம், பேசினது பேசினதுதான்னார். மாடிப்படிச் சுவர்ல சின்னதா ஒரு வேலை இருக்குன்னு பொய் சொல்லி வரவழைச்சு, அவர் கேட்டதை அப்படியே கொடுத்தேன். பொய்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

அப்ப அவர் ஒண்ணு சொன்னார். இந்த வேலையில பூஜ்யத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் தரம் உண்டாம். 1990 வாக்குல தொழில் அமைப்புகள் சேர்ந்து வகுத்தது. பட்டையை மட்டும் ஒட்டி விட்டா முதல் தரம். ஆக உசத்தியான அஞ்சாம் தரம்னா? ஒட்டு இருக்கிற இடம் மட்டுமில்லாம, சுவர் முழுக்க மெல்லிசா ஒரு சாந்து பூசி எடுக்கணும். பணக்கார வீடுகள்ல அதைத்தான் கேக்கிறாங்களாம். சாக்கெட் 1894-ல ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தாச்சு :-)

இந்த வருஷம் அப்பா மறுபடி வந்தார். நேரா பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போனேன். தட்டலை. உள்ளங்கையை வச்சுச் சுவரோரமாவே மெல்ல நடந்தார். கதவுக்குப் பின்னாடி ஒரே ஒரு மூலையை மட்டும், என் ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு, நான் ஒட்டினபடியே விடச் சொல்லியிருந்தேன். கை அங்க வந்ததும் நின்னுது.

"இது மட்டும் யாருடா பூசினது?"ன்னார்.