திருத்தி மறைந்தபின் வாழும் இலக்கணம்

2022 டிசம்பர் 15 அன்று, அணு என்று பொருள்படும் ‘ஆட்டம்’ என்னும் நிரல் திருத்தியைக் கிட்ஹப் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் மூலநிரல் தொகுப்புகள் வாசிக்க மட்டுமே இயலும் ஆவணங்களாயின. ஜாவா நிரல்களில் கட்டளைச் சொல், சரம், குறிப்புரை ஆகியவற்றை நிறத்தால் பிரித்துக் காட்டிய சிறு தொகுப்பும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அதன் வழித்தோன்றல் இன்றும் விஷுவல் ஸ்டுடியோ கோடில் இயங்குகிறது. திருத்தி மறைந்தபின் அதன் இலக்கணம் நிலைத்தது எவ்வாறு?

விடையின் வேர் 2004இல் இருக்கிறது. அதற்கு முன்பே நிறம் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. 1998இல் வெளிவந்த விம் 5.0 அதனைக் கொண்டிருந்தது. ஆனால் அதன் விதிகள் விம்முக்கே உரிய மொழியில் எழுதப்பட்டவை. ஆலன் ஓட்கார்டு மேக் கணினிகளுக்காக உருவாக்கிய டெக்ஸ்ட்மேட், பெயரிடுதலையும் நிறமிடுதலையும் பிரித்தது. இலக்கணக் கோப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர் மட்டும் சூட்டும். எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பதைத் தனிக் கோப்பு தீர்மானிக்கும். அப்பெயர்களுக்கென 11 மூலப் பிரிவுகளை அதன் கையேடு வகுத்தது. திருத்தியைச் சாராத பொது வழக்கு ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

டெக்ஸ்ட்மேட் அப்போது விலைக்கு விற்கப்பட்ட மூடிய மென்பொருள். ஆனால் அதன் மொழித் தொகுப்புகள், நகலெடுக்கவும் மாற்றவும் விற்கவும் இசைவளிக்கும் எளிய உரிமத்துடன் வெளிவந்தன. 2014இல் ஆட்டம் வெளியானபோது, ஜாவா உள்ளிட்ட பல மொழிகளின் இலக்கணங்கள் டெக்ஸ்ட்மேட்டிலிருந்தே உருமாற்றி எடுக்கப்பட்டன. 2015இல் வந்த மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோடும் அதே வடிவத்தை ஏற்று, ஜாவா இலக்கணத்தை ஆட்டத்திடமிருந்து பெற்றது. போட்டியாளர்களுக்கிடையே ஒரே ஏடு கைமாறிற்று.

கைமாற்றம் மட்டும் ஏட்டை உயிருடன் வைக்காது. 2017 முதல் ஜாவா ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பு காண்கிறது. 2021இல் வந்த 16ஆம் பதிப்பு ‘ரெக்கார்டு’ என்பதை ஓர் அறிவிப்புச் சொல்லாக நிலைநிறுத்தியது. ஆனால் அதே சொல்லை மாறியின் பெயராகவும் எழுதலாம். டெக்ஸ்ட்மேட் விதியோ ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டுமே காண்பது; சூழலறிந்து பிரிப்பது அதற்கு எளிதன்று. இத்தகைய இடங்களில் பங்களிப்பாளர் பிழையான நிறத்தைக் கண்டறிந்து, விதியைத் திருத்தி, எந்த எழுத்துத் தொடர் எந்தப் பெயரைப் பெறவேண்டும் என்று சோதனையும் எழுதி, ஏற்புக்கு அனுப்புகிறார். ஓரிடத்தைத் திருத்தினால் ஈரிடம் குலையக்கூடும். அச்சோதனையே அடுத்து வருபவருக்குக் காவல். பயன்படுத்துவோர் இவ்வுழைப்பைப் பிழை நேரும்போது மட்டுமே உணர்கின்றனர்.

ஆட்டம் ஓய்ந்தபின் ஜாவா இலக்கணத்தின் பராமரிப்பு ரெட் ஹாட் நிறுவனத்தின் ஜாவா நீட்சித் தொகுப்புக்குச் சென்றது. விஷுவல் ஸ்டுடியோ கோடு இப்போது அங்கிருந்தே அதனைப் பெறுகிறது. வரிவரியாகப் பார்க்கும் முறையின் குறையைப் போக்க ஆட்டத்தின் சூழலில் வளர்ந்த ட்ரீ-சிட்டரும் அதனோடு மறையவில்லை. நிரல் முழுவதையும் மரவடிவில் பகுக்கும் அக்கருவியை நியோவிம்மும், 2023இல் வெளிவந்த ஈமேக்ஸ் 29உம் ஏற்றுக்கொண்டன.

பொதுப் பெயரிடல் இலக்கணத்தைப் பெயர்த்துச் செல்லத்தக்கதாக்கியது. உரிமம் அதற்கு இசைவளித்தது. எனினும் உரிமம் எடுத்துச் செல்லும் உரிமையைத் தருமேயன்றி, பேணுவோரைத் தருவதில்லை. ஜாவாவுக்கு வசதி படைத்த ஒரு நிறுவனம் வாய்த்தது. பயன்படுத்துவோர் குறைந்த மொழிகளின் இலக்கணங்களுக்கு அந்த நல்வாய்ப்பு உறுதியன்று. மென்பொருள் வரலாறு நிறுவனங்களின் எழுச்சி வீழ்ச்சிகளோடு நின்றுவிட்டால், அவற்றைக் கடந்து ஏட்டைக் கொண்டுசென்ற கைகள் அதில் இடம்பெறாமலே போகும்.