212 இடங்கள், 48 நாட்கள்: பல்கேரியாவின் 1923 தேர்தல்

1923 ஏப்ரல் 22 அன்று நடந்த பல்கேரிய நாடாளுமன்றத் தேர்தலில், பிரதமர் அலெக்சாண்டர் ஸ்டாம்போலிஸ்கியின் உழவர் ஒன்றியம் 245 இடங்களில் 212 இடங்களைப் பிடித்தது. 48 நாள் கழித்து, ஜூன் 9 விடிந்தபோது அந்த அரசு கவிழ்ந்து கிடந்தது. இவ்வளவு பெரிய வெற்றி ஏன் ஓர் இரவைத் தாங்கவில்லை? படையதிகாரிகளின் சதி என்பது வழக்கமான விடை. சதி உண்மைதான். ஆனால் அந்த 212 எப்படி வந்தது என்று பார்க்காமல் அதன் சரிவை விளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தில் எட்டுப் பேர் கிராமத்தில் வாழ்ந்த நாடு அது. 1899-இல் பிளெவென் நகரில் தொடங்கிய உழவர் இயக்கம், கடன்சுமையில் நொந்திருந்தவர்களின் குரலாகவே வளர்ந்தது. 1915-இல் மன்னர் பெர்டினாண்டின் முகத்துக்கு நேராகவே போர் வேண்டாம் என்று எச்சரித்த ஸ்டாம்போலிஸ்கிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1918 செப்டம்பரில் போர்முனை உடைந்தபோதுதான் சிறைக்கதவு திறந்தது. மறு ஆண்டு நெய்யி உடன்படிக்கை, படையை 20,000 பேராகக் குறைத்து, 225 கோடி தங்க பிராங்கு இழப்பீட்டையும் நாட்டின் தலையில் ஏற்றியது. அதில் கையெழுத்திடும் பொறுப்பு, போரை எதிர்த்த இந்த மனிதர்மேலேயே விழுந்தது.

தேர்தல் கணக்குக்கு வருவோம். 1919 ஆகஸ்டில் ஒன்றியத்துக்கு 236-இல் 85 இடங்கள். 1920 மார்ச்சில் 229-இல் 110; பெரும்பான்மைக்கு இன்னும் ஐந்து வேண்டும். அப்போது அவை 13 எதிர்க்கட்சி உறுப்பினர்களின் தேர்வைச் செல்லாது என்று அறிவித்தது. அவர்களில் ஒன்பது பேர் கம்யூனிஸ்டுகள். மீதி 216, பாதி 108. ஒன்றியத்தின் 110 பெரும்பான்மையாகிவிட்டது. ஒரு வாக்கும் கூடவில்லை; வகுக்கும் எண் மட்டுமே குறைந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இந்தக் கழித்தலில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அந்த அவை செய்த நல்லவை சிறியவை அல்ல. நில உடைமைக்கு 30 ஹெக்டேர் உச்சவரம்பு வந்தது. கட்டாய உழைப்புச் சேவையால் சாலைகளும் பள்ளிகளும் எழுந்தன. தன் நிலத்தில் தானே உழுபவனை அரசியலின் நடுவில் நிறுத்திய ஆட்சி அன்றைய ஐரோப்பாவில் அரிது. அதனால்தான் அதன் தவறுகள் கூடுதலாக வலிக்கின்றன.

1923 தேர்தலுக்குமுன் சட்டம் மாற்றப்பட்டது. மாகாண அளவில் விகிதாசாரப்படி இடங்களைப் பங்கிட்ட முறை போய், தொகுதிகள் சிறியவையாயின. ஒன்றியம் வாங்கிய வாக்கு பாதிக்குச் சற்று மேல். இடங்களோ நூற்றுக்கு 86. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை வெறும் 16. நேர்மையான விகிதத்திலேயே ஆளப் போதுமான ஆதரவு இருந்தவர்களுக்கு இந்த ஊதிய எண் தேவையே இல்லை.

இதனால் வெளியே நின்றவர்கள் யார்? நகரக் கட்சியினர் முதலில். 1922 செப்டம்பரில் அவர்களுடைய தலைவர்களை உழவர் கூட்டம் தார்னோவோ அருகே மடக்கித் தாக்கி, தாடியை மழித்து அவமானப்படுத்தியது. போர்க்கால அமைச்சர்கள் சிறையில் விசாரணைக்குக் காத்திருந்தார்கள். படைக்குறைப்பில் வேலையிழந்த அதிகாரிகள் இராணுவச் சங்கத்தில் கூடினார்கள். 1923 மார்ச்சில் யுகோஸ்லாவியருடன் நிஷ் நகரில் செய்த ஒப்பந்தம், மாசிடோனியப் புரட்சி அமைப்பைக் கொதிக்க வைத்தது. 212-ஐப் பார்த்தபின், வாக்குப்பெட்டி வழியாக இனி ஒன்றும் நடக்காது என்று இவர்கள் எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

ஜூன் 8 நள்ளிரவுக்குப்பின் சோஃபியா அவர்கள் கைக்குப் போனது. பேராசிரியர் அலெக்சாண்டர் த்சான்கோவ் பிரதமரானார். ஸ்டாம்போலிஸ்கி அப்போது சொந்த ஊரான ஸ்லாவோவித்ஸாவில் இருந்தார். சுற்றுவட்டார உழவர்கள் கைக்குக் கிடைத்த ஆயுதத்தோடு அவரிடம் திரண்டார்கள். படைக்கு முன் நிற்க முடியவில்லை. ஜூன் 14 அன்று அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். நிஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையையும் வெட்டினார்கள்.

கம்யூனிஸ்டுக் கட்சி அசையவில்லை. நகர முதலாளிக்கும் கிராம முதலாளிக்கும் நடக்கும் சண்டை என்று சொல்லி நடுநிலை காத்தது. பிளெவெனில் உழவரோடு சேர்ந்து போராடத் தொடங்கிய தன் தோழர்களையே கட்சித் தலைமை தடுத்தது. கோட்பாட்டுப் பிடிவாதம் என்றே இதைப் பலர் எழுதுகிறார்கள். 1920-இல் பறிபோன அந்த ஒன்பது இடங்களையும் 1923-இல் சுருங்கிய பதினாறையும் மறந்து இதை எடைபோடக்கூடாது. மாஸ்கோவின் நெருக்குதலுக்குப்பின் செப்டம்பரில் அக்கட்சி கிளர்ந்தெழுந்தபோது காலம் கடந்திருந்தது. எழுச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது.

நவம்பர் தேர்தலில் த்சான்கோவின் ஜனநாயகக் கூட்டணி வென்றது. அடுத்த ஆண்டு கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்டது. 1925 ஏப்ரல் 16 அன்று சோஃபியாவின் தூய நெதெல்யா தேவாலயத்தில், ஓர் இறுதிச் சடங்கின் நடுவே கம்யூனிஸ்டுகள் வைத்த குண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

எஞ்சிய உழவர் தலைவர்களில் ஒருவர் பெத்கோ பெத்கோவ். புதிய அவையில் எதிர்வரிசையில் அமர்ந்து ஒன்றியத்துக்காகப் பேசினார். 1924 ஜூன் 14 அன்று, ஸ்டாம்போலிஸ்கி கொல்லப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், சோஃபியாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.