இசையும் தசைத் தளர்வும்
இசையின் வேகம், தாளம், கேட்பவரின் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து உடல் தளர்கிறது அல்லது இறுகுகிறது. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர் வழக்கில் இரு முனைகளும் உண்டு. தொட்டிலின் அசைவோடு இழையும் தாலாட்டு, மூச்சைச் சீராக்கித் தோள், கழுத்துத் தசைகளைத் தளர்த்தக்கூடியது. பாடும் தாய்க்கும் அது ஓய்வே. திருவிழாத் தப்போசை மூளையின் இயக்கப் பகுதிகளைத் தூண்டி, ஆடாத கால்களையும் அசைவுக்கு ஆயத்தமாக்குகிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய ராகம் உட்பட ஆறு வகை இசையை ஒப்பிட்டது. வகையைவிட வேகமே மூச்சையும் இதயத் துடிப்பையும் மிகுதியாகக் கூட்டியது. இடையில் விட்ட மௌனத்திலோ அவை தொடக்க நிலைக்கும் கீழே இறங்கின. நீலாம்பரி ராகம் உறக்கம் தரும் என்ற நம்பிக்கையிலும் ராகத்தோடு மெதுநடைக்கும் பங்கிருக்கலாம்.