கம்பட்டக்காரன் கைப்பிழை

பரளச்சிக் கரிசலில் மழை ஓய்ந்து, நீர் மேல்மண்ணை அரித்துச் சென்ற இடங்களிலே, ஆடு மேய்ப்பவர் காலடியிலோ, உழுபவர் கொழுமுனையிலோ களிம்பேறிய செப்புக் காசொன்று தட்டுப்படுவதுண்டு. ஊர் கூடும், யோசனை சொல்லும். "சாமி மாடத்திலே வை" என்பார் ஒருவர். "பாத்திரக்கடையில் எடைக்குப் போடு" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் அருகில் வந்து, காதோடு காதாக, "அரிசியை இழுக்கிறதா பார்! இழுத்தால் கோடி!" என்பார்.

நான்காவது ஒருவர் வேண்டும், தோழர்களே! இதை அடித்தது யார், எப்படி அடித்தார், எங்கே தவறினார் என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அந்த நான்காமவரைத் தேடியே இக்கட்டுரை.

பண்டைய கம்பட்டத்திலே இயந்திரம் இல்லை. பட்டடையில் பதிந்திருக்கும் கீழச்சு, அதன்மேல் உலோக வில்லை, வில்லையின்மேல் மேலச்சு, மேலச்சின் தலையிலே சம்மட்டி. ஓர் அடி – ஒரு காசு! நாள் முழுதும் அடிக்கும் கை அல்லவா? சற்று விலகினால் உருவம் ஓரத்திற்கு ஓடிவிடும். காசு நழுவி மீண்டும் அடிபட்டால் உருவம் இரட்டிக்கும். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதை அறியாது அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒட்டிய காசே அச்சாகிவிடும். புதிய காசின் ஒருபுறம் உருவம் புடைத்தும், மறுபுறம் அதே உருவம் குழிந்தும் நிற்கும்.

அச்சும் நெடுநாள் வாழ்வதில்லை. அது வெடித்தால், வெடிப்பு காசிலே மேட்டுக்கோடாக எழும். கோடு இல்லாத காசு முந்தியது. சிறு கோடுடையது பிந்தியது. கோடு நீண்டது இன்னும் பிந்தியது. அடியை நேரே தாங்கும் மேலச்சு விரைவில் அழியும். புதிய மேலச்சு பழைய கீழச்சோடு சேரும். இந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தால், ஆண்டு பொறிக்காத காசுகளுக்கும் முன்பின் வரிசை கிடைக்கிறது. புராணம் வேண்டியதில்லை, புலவர் புகழுரை வேண்டியதில்லை. மன்னனின் பெயரைச் சொல்லக் கல்வெட்டு இருக்கிறது. சம்மட்டி பிடித்த ஏழையின் கையைச் சொல்ல இந்தப் பிழை ஒன்றுதான் இருக்கிறது.

பிழையைப் பிழையென்று அறியாவிட்டால் என்ன நேரும்? அதற்கும் வரலாறு உண்டு. மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் ஊரில் கிடைத்த பழங்காசொன்றை 1891இல் கன்னிங்காம் வெளியிட்டார். பிராமி எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வது. இக்காசிலோ வலமிருந்து இடமாகச் சென்றது! செருமானியப் பேரறிஞர் பியூலர் இதைக் கண்டார். பிராமி எழுத்து மேற்காசியாவின் செமித்திய எழுத்திலிருந்து பிறந்தது என்பது அவர் கொள்கை. அவ்வெழுத்து வலமிருந்து இடமாகச் செல்வதாயிற்றே! எனவே பிற சான்றுகளோடு இக்காசையும் சாட்சிக் கூண்டிலே ஏற்றினார்.

ஆனால் அச்சு வெட்டுகிறவன் எழுத்தைத் திருப்பி வெட்டவேண்டும். அப்போதுதான் காசிலே நேராக விழும். மறந்து நேராக வெட்டிவிட்டால், காசிலே எழுத்து தலைமாறும். அறிஞர் பலர் இதை எடுத்துக்காட்டினர். ஒரு கொல்லனின் மறதி, ஓர் எழுத்தின் பிறப்புக்குச் சான்றாக நின்றது! பிராமியின் தோற்றம் பற்றிய வழக்கை வேறு சான்றுகள் தீர்க்கட்டும். அந்த ஒற்றைக் காசால் அதைத் தீர்க்க இயலாது.

இதைக் கேட்டு நாம் நகைத்துவிட்டுப் போய்விடலாகாது. தமிழ்ப்பற்றின் வேகத்திலே, கிடைத்த ஒரு காசின்மேல் கோபுரம் கட்டும் ஆசை நமக்கும் வரக்கூடும். பியூலருக்குப் பொருந்தும் நீதி நமக்கும் பொருந்தும்.

சான்றோடு பேசினால் நமக்குக் குறைவு ஏதுமில்லை. சங்ககால வேந்தர் நாணயம் வெளியிட்டதில்லை என்று சொல்லப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட சதுரச் செப்புக்காசிலே, தமிழி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயர் ஒளிர்ந்தது. பின்னர் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் சேரர் பெயர் தாங்கிய காசுகளும் வெளிவந்தன. வாதம் வீழ்ந்தது – ஆரவாரத்தாலன்று, ஆதாரத்தால்!

ஆதாரம் எப்போதும் நமக்கு இனிப்பாகவே இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். தஞ்சையிலே வான்முட்டக் கோயில் எழுப்பிய இராசராசன் (985–1014) செப்புக்காசிலே தன் பெயரைத் தமிழ் எழுத்திலா பொறித்தான்? இல்லை! நாகரி எழுத்திலே பொறித்தான். அக்காசின் அச்சு வகைகளை அடுக்கிப் பார்த்தால், எழுத்து சிதைந்து, கோடு சுருங்கி, உருவமும் குச்சியாகிப்போனவை பலவற்றைக் காணலாம். படிக்க அறியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டிய கையின் தடுமாற்றமோ என்று எண்ணத் தோன்றுகிறது. மக்கள் பெயரெழுதும் எழுத்து ஒன்று, மன்னன் காசின் எழுத்து வேறொன்று!

இனி வெள்ளையன் காலத்துக்கு வருவோம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னன் தலை பொறித்த வெள்ளி ரூபாய் வெளிவந்தது. மன்னனின் அங்கியிலே சின்னஞ்சிறு யானை உருவம். துதிக்கை குட்டை, கால்களும் குட்டை. "யானையன்று, பன்றி!" என்று பேச்சு கிளம்பிற்று, முசுலிம் மக்களின் மனத்தைப் புண்படுத்தும் காசு என்று கண்டனம் எழுந்தது. 1857இல் தோட்டாவின் கொழுப்பால் எழுந்த கிளர்ச்சி ஆட்சியாளருக்கு நினைவு வந்திருக்கும். ஏறத்தாழ 94 இலட்சம் காசுகள் அடிக்கப்பட்டு, சுமார் 7 இலட்சமே புழக்கத்துக்கு வந்திருந்த நிலையில், வெளியீடு நின்றது, பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912இல் துதிக்கையை நீட்டிப் புதிய அச்சு வெட்டினர். கூலி உயரவேண்டும், வரி குறையவேண்டும் என்று மக்கள் கேட்டபோதெல்லாம் செவிடாயிருந்த ஆட்சி, துதிக்கையை நீட்டுவதற்கு மட்டும் ஓராண்டுக்குள் ஓடிவந்தது!

இன்று அந்த 1911ஆம் ஆண்டு ரூபாயைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். மாயத்தால் வந்த விலையன்று அது. எஞ்சியவை குறைவு என்பதால் வந்த விலை.

இந்தத் தேட்டத்தைத் தொடங்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. சட்டைப்பையிலுள்ள ரூபாயை எடுத்து, ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையெனில் கொல்கத்தா. ஒரே ரூபாய், நான்கு அக்கசாலைகள்! பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பொய்யும் விரைவில் புலப்படும்.

பொய்யோ பெருகிக் கிடக்கிறது. அனுமன் உருவமும் 1818 என்னும் ஆண்டும் பொறித்து, 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்று பெயர் சூட்டிய செப்பு வில்லைகளைத் தெய்வ சக்தி உடையவை என்று விற்கிறார்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. மற்றொரு கூட்டம், பழங்காசிலும் கோயில் கலசத்திலும் 'இரிடியம்' இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி, நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவரச் செய்கிறது. இரிடியம் கண்டறியப்பட்டதே 1803இல். 2,400 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அது உருகும். எந்தக் கம்பட்டத்து உலை அதை உருக்கிற்று? அது அரிசியை இழுப்பதும் இல்லை. அரிசியிலே இரும்புத்தூளைப் பூசி, அடியிலே காந்தத்தை ஒளித்தால் எந்தத் தகரமும் 'இழுக்கும்'! பழைய காசுக்கு இலட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று தன் பெயரைச் சொல்லி ஏய்ப்பவர்களை நம்பவேண்டாமென 2021 ஆகத்தில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

ஏமாறுகிறவர் யார்? மாளிகைவாசி மட்டுமா? மழை பொய்த்து, மிளகாய் விலை வீழ்ந்து, மகள் திருமணத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் கரிசல்காட்டு உழவரும்தான். தலைமுறை தலைமுறையாக 'நம்பு' என்று பழக்கினார்கள். 'கேள்' என்று பழக்கவில்லை. அந்தப் பழக்கத்தின் விலையை அவர் இன்று நிலமாகக் கொடுக்கிறார்.

ஆகவே, காசு அகப்பட்டால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். எடையை நிறுத்துக் குறியுங்கள். இருபுறமும் உள்ளதை வரைந்து வையுங்கள். எந்தப் புன்செயில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். சாமி மாடத்துக்குப் போன காசு ஊமையாகும். உலைக்குப் போன காசு சாகும். குறிப்போடு காப்பகத்துக்குப் போன காசே பேசும்.

சம்மட்டி பிடித்தவனின் கை ஒருகணம் தவறியது. அந்தப் பிழை ஆயிரம் ஆண்டு கழித்தும் உண்மை பேசுகிறது. பிழையே அறியாதவை என்று நமக்குக் காட்டப்பட்டவை எத்தனை! அவற்றில் எத்தனை இப்படி உண்மை பேசின? சிந்தியுங்கள், தோழர்களே!