மண்ணுக்குள் போன செலவு: மச்சு பிச்சு சொல்லும் பாடம்

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொந்தக் கதை. சொந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாயங்காலம் உட்கார்ந்து பேச ஒரு கல் தளம் போட்டோம். கொல்லை, வீட்டை நோக்கிச் சரிந்த மேட்டு நிலம். கொத்தனார் கொடுத்த எஸ்டிமேட்டில் 'மண் வெட்டி, கப்பி நிரப்பி, வடிகால்' என்று ஒரு வரி இருந்தது. பி.காம் படிக்கிற நான்தான் வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை! கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எதற்குக் காசு என்று அந்த வரியை அடித்துவிட்டேன். ஐப்பசி மழையில் தண்ணீர் தளத்தைத் தாண்டி நேராகப் பாட்டியின் அறைக்குள் வந்துவிட்டது. ராத்திரி முழுக்க பாட்டி கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரிவான நிலத்தை மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடியபோது கிடைத்ததுதான் மச்சு பிச்சு.

மலை முதுகில் ஒரு ஊர்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். 15-ம் நூற்றாண்டில் இன்கா மன்னர் பச்சகுட்டி காலத்தில் கட்டப்பட்டது என்பது பொதுவான கருத்து. இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு. வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. இரும்புக் கருவி கிடையாது, சக்கர வண்டியும் கிடையாது. எங்கள் கொத்தனாரிடம் இந்த இடத்தைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்!

இன்காக்கள் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்த கல் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் வெறும் மண்ணைக் கொட்டவில்லை. அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சிறு கற்கள், அதற்கும் மேல் மணல் கலந்த சரளை, கடைசியில்தான் பயிர் விளையும் மேல்மண். பெய்த மழை சுவரைத் தள்ளாமல் அடுக்கடுக்காக இறங்கி வடிந்துவிடும்.

1990-களில் கென்னத் ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், பெரு நாட்டுத் தொல்லியல் அறிஞர் ஆல்ஃப்ரெடோ வலென்சியாவுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். நடுவில் இருக்கும் சமமான முற்றத்தின் அடியிலும் கல் சில்லுகள் தடிமனாக நிரப்பப்பட்டிருந்தன. கட்டடங்களுக்குக் கல் செதுக்கும்போது விழுந்த கழிவுதான் அது! ஊர்ச் சுவர்களில் தண்ணீர் வெளியேற 100-க்கும் மேற்பட்ட துளைகளும் இருக்கின்றன. மொத்த உழைப்பில் சுமார் 60 சதவீதம் தரைக்கு அடியில் போயிருக்கும் என்பது ரைட்டின் மதிப்பீடு.

கணக்குப் பாடம்

இன்காக்களிடம் நாணயம் இல்லை. மக்கள் வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள். உழைத்தவர்களுக்கு அரசு சோறு போட்டது. அப்படிக் கிடைத்த உழைப்பில் பாதிக்கு மேல் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போட்டிருக்கிறார்கள். நான் அங்கே கணக்கெழுதியிருந்தால் அந்த 60 சதவீதத்தையும் அடித்திருப்பேன்.

16-ம் நூற்றாண்டில் ஊர் கைவிடப்பட்டது. பராமரிக்க யாரும் இல்லை. 1911-ல் ஹிராம் பிங்காம் அங்கே போனபோது, உள்ளூர் விவசாயிகள் அதே படிகளில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 400 வருடம் பெய்த மழைக்குப் பிறகும்!

இந்தக் கோடையில் கல்லைப் பெயர்த்து, கப்பி நிரப்பி, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வாட்டம் கொடுத்து மறுபடி போட்டோம். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவு. முதல் மழைக்கு நானும் பாட்டியும் அந்த அறை வாசலிலேயே நின்று பார்த்தோம். தண்ணீர் வரவில்லை.

உங்கள் வீட்டில் வாட்டம் எந்தப் பக்கம்? மழைக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.