மகமையும் இன்ஷூரன்ஸும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பி வாழும் சீமை. கண்மாய் நிறைந்தால் சோறு. இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவனுக்கு வரும் கஷ்டத்தை அவன் தனியே தாங்க முடியாது என்பதை இத்தகைய பூமி சீக்கிரமே கற்றுக் கொடுத்துவிடும். 19-ம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வியாபாரிகள் மகமை என்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணத்தில், வண்டிகளும் மூட்டைகளும் கள்ளர் பயமின்றித் தங்கப் பேட்டைகள் எழுந்தன. கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஏற்பட்டன.

விருதுநகரில் மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியாலும் க்ஷத்திரிய வித்யாசாலை தோன்றியது 1885-ல். அதே ஆண்டு இங்கிலாந்திலும் ஒரு மகமை பிறந்தது. டேவிட் பிராட்லி என்ற டாக்டர், தம்மிடம் வந்த ஒரு பெண்ணிடம் தகாதபடி நடந்துகொண்டார் என்று 1884-ல் தண்டிக்கப்பட்டு, எட்டு மாதம் சிறையிலிருந்த பின் நிரபராதி என்று மன்னித்து விடப்பட்டார். கொதித்துப்போன டாக்டர்கள் கூடி, சந்தா போட்டு, மெடிக்கல் டிஃபென்ஸ் யூனியனை அமைத்தார்கள். நம் வியாபாரிக்கு வழிப்பறி எப்படியோ, அந்த டாக்டருக்கு வழக்கு அப்படி!

நம் நாட்டு டாக்டர்களுக்கு அந்தப் பயம் வெகுகாலம் பெரிதாக இல்லை. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வைத்தியம் அதில் அடங்காது என்று சென்னை ஹைகோர்ட் 1994-ல் சொல்லிற்று. அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் 1995 நவம்பர் 13-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு இன்ஷூரன்ஸ் பாலிஸியைத் தேடாத டாக்டர் அபூர்வம்.

வக்கீலின் கதை வேறு. 1879-ல் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று பிறந்தது. அதே வருஷம் டிசம்பரில் திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தார். அவருடைய தந்தை சுந்தரமய்யர், மனு எழுதிக் கொடுப்பதில் தொடங்கி, சன்னது பெறாமலேயே வக்கீல் தொழில் செய்து பேரெடுத்தவர். அத்தகைய வக்கீலுக்குக் கட்சிக்காரனின் நம்பிக்கையே சன்னது. வக்கீல் என்ற ஒரே காரணத்தால் கவனக்குறைவு வழக்கிலிருந்து எவரும் தப்ப முடியாது என்று 1926-ம் வருஷச் சட்டம் சொன்னது. ஆனால் 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட், வக்கீல்மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று தீர்த்துவிட்டது. இனி சிவில் கோர்ட்தான் கதி. ஒரு வக்கீல்மீது வழக்குத் தொடர இன்னொரு வக்கீலைத் தேடிப் பிடிக்க வேண்டும்!

பாலிஸி என்ன செய்கிறது? வழக்குச் செலவையும், ஒரு வரம்புவரை நஷ்ட ஈட்டையும் கம்பெனி கொடுக்கும். குற்ற வழக்கின் அபராதத்தைக் கொடுக்காது. அதோடு ஒரு நிபந்தனை: கம்பெனியின் சம்மதமின்றித் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முதலில் எதிர்பார்ப்பது பணத்தையா? "என்னம்மா செய்வேன், என் கை தவறிவிட்டது" என்ற ஒரு சொல்லை அல்லவா? அந்தச் சொல்லுக்கே பூட்டு.

இன்னொன்று. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு 1995 தீர்ப்பு பொருந்தாது. காசு கொடுத்தவனுக்கு நுகர்வோர் கோர்ட். காசில்லாத சம்சாரிக்கு சிவில் கோர்ட்டின் நீண்ட நடை. பஸ் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாம் மனிதனுக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் பஸ்ஸை ரோட்டில் ஓட்டக் கூடாது என்ற விதி 1946-லிருந்தே அமலில் இருக்கிறது. அடிபடுகிறவனை நினைத்துச் செய்த விதி அது. இங்கிலாந்தில் சாலிஸிடர்களுக்கு 1976 முதல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இங்கே டாக்டருக்கும் வக்கீலுக்கும் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. பாலிஸி இல்லாத ஏழை டாக்டர்மீது டிக்ரி வாங்கியவன் அதை வீட்டில் மாட்டி வைக்க வேண்டியதுதான்.

டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறைக்குப் பயந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சேர்த்த நிதி அது. ஆனால் மகமையும் வியாபாரிகள் தங்கள் மூட்டைகளைக் காக்கத் தொடங்கியதுதான். பிறகு அது பள்ளிக்கூடமாயிற்று. ஆறு வயதில் தகப்பனாரை இழந்த காமராஜ் என்ற சிறுவன் அங்கே படித்தான். மகமை கொடுத்தவர்கள் யார் என்பது இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் யார் பிழைத்தார்கள் என்பதுதான் ஞாபகமிருக்கிறது. பிரீமியம் கட்டும் டாக்டர்களும் வக்கீல்களும், அதை விற்கும் கம்பெனிகளும், சட்டம் செய்கிறவர்களும் இதை யோசிக்கலாம்.